டுபாயில் நடத்தி வைத்த தற்செயல்

எங்கள் ஆட்களின் கல்யாணப் பேச்சுகளில் தற்செயலாக எதுவும் நடப்பதில்லை. தற்செயல் என்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மாமி இருப்பார். மாமி நினைத்த தற்செயலை நேரத்துக்கு நடத்தி முடிக்க ஒரு படித்த மடையனும் தேவைப்படுவான். ஒரு கோடைகாலத்தில் அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் பெண் பார்க்க எடுத்தவுடன் வீட்டுக்கு வருவதில்லை. வந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கம். ஆகவே முதற்பார்வை கோயிலில் நடக்கும். அவர்கள் சாமி கும்பிட வந்தவர்கள், இவர்கள் அர்ச்சனை செய்ய வந்தவர்கள். வீதி சுற்றும்போது எதிர்ப்படுவார்கள், இரண்டு வார்த்தை பேசுவார்கள். பிடித்திருந்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் ஒருவரை ஒருவர் கண்டதே கிடையாது. ஒரு மனிதரை இதைவிட நாகரிகமாக வேண்டாம் என்று சொல்லும் வழி உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நாங்கள் இருப்பது மொன்றியலில், லாசால் பகுதியில். மாப்பிள்ளை வீட்டார் இருப்பது சுவிஸில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அத்திலாந்திக் சமுத்திரம். அதில் கோயில் இல்லை.

வழி கண்டுபிடித்தவர், ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட் என்ற ஊரில் இருக்கும் புரோசார்ட் மாமி. அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

"அவை ஊருக்குப் போற வழியில டுபாயில நாலு நாள் நிக்கினமாம். நீங்களும் சுத்திப் பாக்கப் போற மாதிரிப் போங்கோவன். அங்க ஒரு பெரிய மோலுக்க மீன் தொட்டி இருக்காம். சனம் கோயில் மாதிரிச் சுத்திச் சுத்தி வருமாம்."

அப்பா கூரை போடும் வேலை செய்கிறார். கியூபெக்கில் கட்டட வேலைக்காரர் எல்லோருக்கும் ஜூலைக் கடைசியில் ஒன்றாக இரண்டு கிழமை விடுமுறை. அந்த நாட்களில் மொன்றியலே மூட்டை கட்டிக்கொண்டு ஏரிகளுக்கும் கடற்கரைகளுக்கும் ஓடும். நாங்கள் மட்டும் பாலைவனத்துக்கு ஓடுவதென்று முடிவானது.

சுற்றுலாவைத் திட்டமிடும் பொறுப்பு எனக்கு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பை எட்டாம் வகுப்பில் யுத்தம் நிறுத்தியது. அம்மாவின் படிப்பையும் அதே யுத்தம்தான் வேறொரு ஊரில் நிறுத்தியது. ஆகவே என் பட்டத்தின்மேல் வீட்டில் அளவு கடந்த பக்தி. பொருட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் நான் படித்தது. அம்மாவுக்கு அது போதும்.

"அவன் படிச்சதே உதுதானே," என்றார் தொலைபேசியில் மாமியிடம். "உலகத்தில எங்க எண்டாலும் கொண்டுபோய்ச் சேத்துவிடுவான்."

(சேர்த்தேன். சேர்த்த ஆட்கள்தான் பிழை.)

ஒரேயொரு ஆளுக்கு இதில் உற்சாகம் இருக்கவில்லை. தர்சினி அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள். உயர்பள்ளி முடித்த கையோடு ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் போனவள். இதற்கு முன் மூன்று தற்செயல்களைச் சந்தித்துவிட்டாள்: இரண்டு ரொறொன்ரோக் கோயிலில், ஒன்று யாரோ ஒருவருடைய பிறந்தநாள் விழாவில். விமான நிலையத்தில் பெட்டிக்குமேல் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இதுதான் கடைசி. சரி வந்தா வரட்டும். வராட்டி இனிமேல் ஒருத்தரும் என்னைக் கண்ணாடிக்குள்ள வைச்சுப் பாக்கக் கூடாது. கேட்டுதோ?"

அம்மா விமானம் ஏறும்வரை கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் பெயர் பிரதீப். எங்களிடம் இருந்தது ஒரேயொரு படம். பனிமலை உச்சியில், தலைக்கவசம் போட்டு, முகத்தின் பாதியை மறைக்கும் பனிக்கண்ணாடியும் போட்டு, கையில் இரண்டு கம்புகளுடன் நிற்கிறார். பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை பல்லும் தாடியும் மட்டும்.

"இன்னொரு படம் கேப்பமே?" என்றேன்.

"விசரே உனக்கு? ரெண்டாம் படம் கேட்டா நாங்கள் அவசரப்படுறம் எண்டு நினைப்பினம்," என்றார் அம்மா.

(அக்காவின் படத்தைக் குறை சொல்லாமல் விடக்கூடாது. யாருடையவோ கல்யாணத்தில், அலங்காரம் செய்து எடுத்த படம். அதை அனுப்பும்போது அப்பா, "இதார்?" என்று கேட்டார்.)

படம் உதவாது என்பதால் மாமி ஓர் அடையாளம் வைத்தார். "நீங்கள் மீனைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. அவை வந்து, 'நீங்கள் தமிழோ?' எண்டு கேப்பினம். நீங்கள், 'ஓம், மொன்றியல்' எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு எல்லாம் தற்செயல்தான். பேர் ஊர் விசாரிச்சுத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிப்போடாதேங்கோ. அவையும் காட்டமாட்டினம்."

வெளிநாட்டில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரைக் கண்டால் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். வேறு கேள்வியே கிடையாது. இரகசியக் குறிச்சொல்லாக இதை வைத்தது, மழைக்காலத்தில் 'குடை பிடித்திருப்பார்' என்று அடையாளம் சொல்வதைப் போன்றது. பட்டம் பெற்ற எனக்கு இது உறைக்கவில்லை. "நல்ல ஐடியா மாமி," என்று பாராட்டவும் செய்தேன்.

டுபாயில் மூன்றாம் நாள்தான் அந்த நாள். தற்செயல் நம்பும்படி இருக்கவேண்டும் என்பதற்காகக் காலையிலிருந்தே உண்மையான சுற்றுலாப் பயணிகளாக நடந்துகொள்வதென்று திட்டமிட்டிருந்தேன். மரப்படகில் ஆற்றுக்கால்வாயைக் கடந்தோம். வாசனைத் திரவியச் சந்தையில் அம்மா கறுவாவை மணந்து பார்த்து, "எங்கட கறுவாதான், விலையைப் பார்," என்று கடைக்காரரிடம் தமிழிலேயே சண்டை பிடித்தார். பிறகு உலகத்திலேயே உயரமான கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு மோலுக்கு நடப்பது என்பது என் ஏற்பாடு. மெட்ரோவிலிருந்து குளிரூட்டிய நடைபாதை ஒன்று உள்ளே போகிறது. அதில் போனால் காட்சி தெரியாது என்று நான் அதை நீக்கியிருந்தேன்.

"தம்பி, நடக்கலாமோ?" என்று அம்மா கேட்டார். அம்மா பட்டுச்சேலையில் இருந்தார். மீன் பார்ப்பதற்கு.

"அம்மா, நாங்கள் ஜனவரியில லாசாலில பஸ்ஸுக்கு நிண்ட ஆக்கள். இதெல்லாம் ஒரு வெயிலோ?"

வெளியே கால் வைத்ததும் இடியப்பம் அவியும் பானையின் மூடியைத் திறந்து என் முகத்தை அதற்குள் யாரோ பிடித்ததுபோல் இருந்தது. குளிரில் பழகியவனுக்கு வெயிலும் பழக்கம் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை. அப்பா, ஜூலையில் தார்க்கூரையில் நிற்கும் மனிதர், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அக்காவின் கண்மை கன்னம்வரை பயணம் செய்தது. உயரமான கட்டடத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மோலுக்குள் நுழைந்ததும் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மீன்கள்கூடப் பயந்திருக்கும். "மூஞ்சையைக் கழுவிக்கொண்டு வாறன். அதுக்கிடையில வேற ஏதும் திட்டம் போட்டியெண்டா கொலை விழும்," என்றுவிட்டுக் கழிவறைப் பக்கம் போனாள்.

நாங்கள் மூவரும் மீன் தொட்டிக்கு முன்னால் நின்றோம். ஒரு வீடு உயரக் கண்ணாடிக்குப் பின்னால் சுறாக்கள் அலைந்துகொண்டிருந்தன. சுறாவைக் கண்டதும் அம்மாவின் வாய் தன்னையறியாமல், "புட்டுக்கு வறை போடலாம்," என்றது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "நீங்கள் தமிழோ?"

திரும்பினோம். அம்மாவின் வயதில் ஓர் அம்மா. பக்கத்தில் அவரது கணவர். அவர்களுக்குப் பின்னால் உயரமான, கண்ணாடி போட்ட, தாடி வைத்த வாலிபர்.

"ஓம், மொன்றியல்!" என்றார் அம்மா. வகுப்பில் விடை தெரிந்த ஒரே பிள்ளை கை உயர்த்துவதுபோல் இருந்தது.

"அட, கனடாவோ! நாங்கள் ஜேர்மனி."

அம்மா ஒரு கணம் தடுமாறினார். நான் காதுக்குள் சொன்னேன்: "அம்மா, சுவிஸில பாதிச் சனம் ஜேர்மன்தான் கதைக்கிறது. தெரிஞ்ச மாதிரிக் காட்டக் கூடாதெண்டு நாட்டையே மாத்திச் சொல்லுகினம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு கெட்டித்தனம் பார்."

அதற்குப் பிறகு எங்களை நிறுத்த யாராலும் முடியவில்லை. அவர் பெயர் கண்ணன் என்றார்கள். வீட்டுப் பெயராக்கும் என்றேன் நான். மாமி சொன்னது என்ஜினியர், இவரோ பாண், கேக் சுடும் வெதுப்பகத்தில் வேலை என்றார். என்ன பணிவு என்றார் அம்மா. எங்கள் சந்தேகம் ஒவ்வொன்றும் அவர்களின் சாமர்த்தியத்துக்கு இன்னொரு சான்றானது. பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் முடிவுகட்டிய ஆட்கள் உண்மையைச் சொன்னால் அதைப் பிடிக்க வழியில்லை. இவர்களோ பொய்யர்களே அல்ல.

உணவு மேசை ஒன்றைப் பிடித்து அவர்களை உட்காரவைத்தோம். அம்மா கைப்பையிலிருந்து, கனடாச் சுங்கத்தையும் டுபாய்ச் சுங்கத்தையும் தாண்டி வந்திருந்த முறுக்கை எடுத்துக் கண்ணனுக்கு நீட்டினார்.

"தம்பிக்குச் சமையல் தெரியுமோ?"

"ஓம் அன்ரி, வீட்டில சமையல் நான்தான்."

பாவம், தனிக்கட்டை என்று அம்மாவின் கண்கள் எனக்குச் சொல்லின.

"சின்னப் பிள்ளையள் எண்டா விருப்பமோ?"

"ஐயோ, அவனுக்குப் பிள்ளையள் எண்டா உயிர்," என்றார் கண்ணனின் அம்மா.

"எங்கட பிள்ளை வேலை செய்யிறதே கார்டெரியிலதான்!" என்று அம்மா மேசையில் தட்டினார். அப்பா இப்போது முன்னால் சாய்ந்து தன்னுடைய ஒரேயொரு கேள்வியைக் கேட்டார்:

"தம்பி குடிக்கிறனீங்களோ?"

"சனிக்கிழமையில ஒரு பியர், அங்கிள்."

"பரவாயில்லை," என்று அப்பா மீண்டும் சாய்ந்தார். அவரைப் பொறுத்தவரை கல்யாணம் முடிந்துவிட்டது.

முகம் கழுவிக்கொண்டு அக்கா வந்தாள். பூச்சு எதுவும் இல்லை. களைத்துப்போய், தலை ஈரமாக, சாதாரண அக்காவாக வந்தாள். கண்ணன் இயல்பாக ஏதோ பகிடி சொன்னார், வெயிலில் நடந்து வந்தவர்களைப் பற்றி. அக்கா சிரித்தாள். ஒரு தற்செயலின்போது அக்கா சிரித்து நான் கண்டது அதுவே முதல் தடவை. எனக்கு உள்ளம் நிறைந்தது. என் பட்டம் வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

இதற்கிடையில் மஞ்சள் பட்டுச்சேலை கட்டிய ஓர் அன்ரி எங்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, "நீங்கள் தமிழோ?" என்று கேட்டார்.

"ஓமோம்," என்றார் அம்மா, முகத்தைக்கூடத் திருப்பாமல். "பேந்து கதைப்பம் என்ன. நாங்கள் இப்ப ஒரு முக்கியமான அலுவலில இருக்கிறம்."

மஞ்சள் சேலை விலகியது. "இஞ்ச எங்கட சனம் கூடிப்போச்சு," என்று அம்மா எங்களிடம் குறைபட்டார்.

இத்தோடு விட்டிருக்கலாம். நான் படித்தவன், விடவில்லை. ஞாபகத்துக்கு ஒரு படம் எடுக்கவேண்டும் என்று எழும்பினேன். சற்றுத் தள்ளி, மீனைப் பார்ப்பதுபோல் உயரமான ஒரு வாலிபர் தனியாக நின்றார். அவருக்கும் கண்ணாடி, அவருக்கும் தாடி. (தாடியும் கண்ணாடியும் இல்லாத தமிழ் வாலிபரை நீங்கள் கடைசியாக எப்போது கண்டீர்கள்?) ஆங்கிலத்தில் கேட்டேன். தமிழில் பதில் வந்தது.

"தாங்கோ, எடுத்து விடுறன்."

"அட, நீங்களும் தமிழோ!" என்றேன். அந்தக் கேள்வியை நானே கேட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி, அக்காவைக் கண்ணனுக்குப் பக்கத்தில் தள்ளினேன். அவர் கைபேசியை உயர்த்திப்பிடித்தபடி, "எல்லாரும் ஒரே குடும்பமோ?" என்று கேட்டார்.

நான் கண்ணடித்தேன். "இன்னும் இல்லை அண்ணை. கெதியில."

அவர் நிதானமாக மூன்று படங்கள் எடுத்தார், கைபேசியைத் தந்தார், போய்விட்டார்.

நாங்கள் மறுபடி உட்கார்ந்து ஒரு முறுக்குக் கடிப்பதற்குள், உடுப்புக்கடைப் பக்கமிருந்து ஓர் இளம் பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தாள். "கண்ணன், எவ்வளவு நேரம் தேடுறது? இவனைப் பிடியுங்கோ, கை உளையுது." குழந்தை கண்ணனைக் கண்டதும், "பப்பா!" என்று பாய்ந்தது.

"என்ர மனுசி," என்றார் கண்ணன் எங்களிடம். "இவர்தான் எங்கட வாண்டு."

அம்மாவின் கையில் முறுக்கு அந்தரத்தில் நின்றது. பிறகு, பண்பாடு கெடக்கூடாதல்லவா, அதைக் குழந்தையிடம் கொடுத்தார்.

அவர்கள் அன்பாக விடைபெற்றுப் போனதும் கைபேசி அடித்தது. புரோசார்ட் மாமி. ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"என்ன கூத்தடா அங்க? உங்களுக்கு ஒரே நாளில ரெண்டு மாப்பிளை பாக்கவேணுமோ? அந்த மனுசி வந்து வாய் திறந்து கேட்டதுக்குப் பேந்து வா எண்டு கலைச்சியளாம். காணாததுக்கு மாப்பிளையைக் கொண்டே படம் எடுப்பிச்சியளாம்!"

நான் கைபேசியிலிருந்த படத்தைப் பார்த்தேன். அருமையான படம். ஒருவருடைய தலையும் வெட்டுப்படவில்லை.

அம்மா கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். அவர் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "கடைசி எண்டு சொன்னவள்," என்று மட்டும் சொன்னார், யாருக்கும் அல்ல. அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நல்லது. முடிஞ்சுது. வாங்கோ, தண்ணி ஆடுறதைப் பாத்திட்டுப் போவம்," என்றாள். குரலில் கோபம் இல்லாததுதான் என்னைக் கொன்றது.

வெளியே அந்த உயரக் கட்டடத்தின் அடியில் பொழுது மங்கிக்கொண்டிருந்தது. நீரூற்று நிகழ்ச்சிக்காகச் சனம் தடுப்புக் கம்பியோடு நெருக்கியடித்து நின்றது. அப்பாதான் கண்டார். "அந்தா உன்ர படப்பிடிப்பாளர்," என்றார்.

நான் சனத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். மஞ்சள் சேலை அன்ரிக்கு முன்னால் போய் மூச்சு வாங்க நின்று, எங்கள் பரம்பரையில் ஒருவரும் செய்யாததைச் செய்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அன்ரி, நாங்கள்தான் மொன்றியல். பொம்பிளை என்ர அக்கா. அவை ஆரெண்டே தெரியாது. அவருக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் இருக்கு. பிழை முழுக்க என்ரதான்."

அன்ரி தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "தம்பி, நாங்கள் ஊருக்குப் போற வழியில தண்ணி பாக்க வந்தனாங்கள். உங்களை எங்களுக்குத் தெரியாது."

முறைப்படி அது முடிவு. நான் புகழ்ந்த அந்த நாகரிகமான வழி இப்போது எங்களுக்கே திரும்பி வந்தது. திரும்ப நினைத்தபோது அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். என்னைத் தள்ளிக்கொண்டு நேரே அந்த உயரமான வாலிபரிடம் போனாள்.

"நீங்கள்தானே படம் எடுத்தது? வடிவா வந்திருக்கு. நன்றி."

பிரதீப் அவளைப் பார்த்தார். "பக்கத்தில நிண்டவரை உங்களுக்குப் பிடிச்சுதோ?"

"பிடிச்சது. அவரின்ர மனுசிக்குத்தான் என்னைப் பிடிக்காமப் போயிருக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் சுற்றி நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அன்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து நீரூற்று இரைந்துகொண்டு எழும்பியது, பாட்டு முழங்கியது. அவர் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் ஆடி முடியும்வரை அவர்கள் இருவரும் கம்பியில் சாய்ந்தபடி கதைத்தார்கள். எங்களில் ஒருவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. அது என் திட்டத்தில் இல்லாத ஒரே நிகழ்ச்சி. அதனால்தான் சரியாக நடந்தது என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

பிறகு அவர்கள் மாமி இல்லாமலேயே மாதக் கணக்காகத் தொலைபேசியில் கதைத்தார்கள். மாமிக்கு அது பெரிய மனவருத்தம். அடுத்த கோடையில் மொன்றியலில் கல்யாணம் நடந்தது, அதே கட்டட விடுமுறையில். மண்டபத்தில் எனக்குத் தரப்பட்ட பொறுப்பு தண்ணீர்ப் போத்தல் அடுக்குவது. அதையும் சரியாக அடுக்குகிறேனா என்று பார்க்க ஓர் ஆள் போட்டிருந்தார்கள்.

பிரதீப் அத்தான் மொன்றியலிலேயே குடியேறினார். அன்ரி அக்காவை மன்னித்துவிட்டார். அத்தானைவிட அவளிடம்தான் கூடக் கதைப்பார். எங்களை மன்னித்தாரா என்பது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிஸிலிருந்து வீடியோவில் வரும்போது ஒவ்வொரு தடவையும் முதலில் தன்னை அறிமுகப்படுத்துவார்: "நான் பிரதீப்பின்ர தாய் கதைக்கிறன். மாப்பிளையின்ர சொந்தத் தாய். மாறிப்போகாதேங்கோ." அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார். அப்பா அந்த ஒரு வசனத்துக்காகவே வேறு அறையிலிருந்து எழுந்து வருவார்.

போன மாதம் அக்காவுக்கு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரி அறையில் குழந்தையைத் தூக்கிவைத்திருந்தது நான். அன்ரி திரையில் வந்தார். கண் முழித்துப் பார்க்காத அந்தச் சின்ன முகத்தைக் உற்றுப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு திரைக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்:

"நான்தான் உன்ர அப்பம்மா, ராசா. உன்னை வைச்சிருக்கிறவர் உன்ர மாமன். அவர் வேற ஆரையும் கொண்டுவந்து அப்பம்மா எண்டு காட்டினா நம்பிப்போடாதை."